பலூன் விற்றவர் டயர் மன்னர் ஆனார்!

அது 1946-ம் ஆண்டு. சென்னைக்கு வடக்கே, திருவொற்றியூரில் ஒரு சிறிய கொட்டகை. அதற்குள் மெஷின் எதுவும் இல்லை. நெருப்பும், ரப்பர் பாலும், சில அச்சுகளும்தான் இருந்தன. ஓர் இளம் கணவரும் மனைவியும் அங்கே பலூன் செய்துகொண்டிருந்தார்கள்.

பகலில் பலூன் தயாராகும். பிறகு அவற்றை ஒரு பையில் போட்டு, தோளில் மாட்டிக்கொண்டு, அந்த வாலிபர் சென்னைக் கடைத்தெருக்களில் நடப்பார். கடை கடையாக ஏறி இறங்குவார். அன்று அவருக்கு வயது 24 கூட நிறையவில்லை.

அந்தக் கொட்டகைக்கு அவர் வைத்த பெயர் பெரியது: "மெட்ராஸ் ரப்பர் பாக்டரி". பின்னாளில் அந்தப் பெயரின் மூன்று ஆங்கில எழுத்துகள் லாரி ஓடும் இடமெல்லாம் தெரிந்தன. எம்.ஆர்.எப்.!

அந்த வாலிபர் யார்? கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை என்பது அவர் பெயர்.

செல்வம் போன வீடு

மாம்மன் மாப்பிள்ளை 1922-ம் ஆண்டு நவம்பர் மாதம் கேரளத்தில் பிறந்தார். வீட்டில் அவர்தான் கடைக்குட்டி. தந்தை கே.சி.மாம்மன் மாப்பிள்ளை ஊரறிந்த மனிதர். கோட்டயத்தில் இருந்து வெளியாகும் "மலையாள மனோரமா" பத்திரிகையின் ஆசிரியர். பெரிய பாங்கி ஒன்றையும் நடத்தினார். "திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பாங்கி" என்று அதற்குப் பெயர். வீட்டில் பணத்துக்கும் குறைவு இல்லை, மதிப்புக்கும் குறைவு இல்லை.

1938-ம் ஆண்டில் எல்லாம் தலைகீழாக மாறியது. அப்போது திருவாங்கூர் சமஸ்தானத்தின் திவானாக இருந்தவர் சர் சி.பி.ராமசாமி அய்யர். அவருக்கும் மாம்மன் மாப்பிள்ளையின் தந்தைக்கும் ஒத்துப்போகவில்லை. சமஸ்தானத்தில் பொறுப்பாட்சி கேட்டு நடந்த இயக்கத்தை மனோரமா ஆதரித்தது. பாங்கி முறிந்தது. பத்திரிகை அச்சகத்துக்கு சர்க்கார் சீல் வைத்தது. பாங்கி வழக்கில் தந்தை சிறைக்குப் போனார். அவர் வெளியே வந்தது 1941-ல்தான். மனோரமா மறுபடி வெளிவந்ததோ நாடு சுதந்திரம் அடைந்த 1947-ல்.

பள்ளிப் பருவம் முடியாத பையன் இதை எல்லாம் கண்ணால் பார்த்தான். நேற்றுவரை வணங்கியவர்கள் இன்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பணம் போனால் எது மிஞ்சும் என்ற பாடத்தை அவன் அந்த வயதிலேயே கற்றுக்கொண்டான்.

அந்தக் கஷ்டத்தின் நடுவே அவர் சென்னைக்கு வந்து, கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். படிப்பு முடிந்தபின் ஓர் உத்தியோகத்தைத் தேடிக்கொண்டிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. சொந்தத் தொழில் என்று முடிவு செய்தார். கையில் பணம் இல்லாதவன் எந்தத் தொழிலைத் தொடங்க முடியும்? கேரளத்தில் ரப்பர் மரத்துக்குப் பஞ்சம் இல்லை. திருவிழாக் கூட்டத்தில் பலூன் கேட்டு அழாத குழந்தை இல்லை. ஆகவே பலூனில் இறங்கினார்.

துணை நின்ற மனைவி

மனைவியின் பெயர் குஞ்ஞம்மா. பலூன் செய்வதில் கணவருக்கு அவர் சரிபாதியாக உழைத்தார். அச்சை ரப்பர் பாலில் முக்கி எடுக்க வேண்டும். காய வைக்க வேண்டும். சூட்டில் பதப்படுத்த வேண்டும். கிழியாமல் உரித்து எடுக்க வேண்டும். ஓட்டை இருந்தால் அன்றைய உழைப்பு வீண்.

தானே செய்த சரக்கைத் தானே தோளில் சுமந்து விற்றதில் ஒரு லாபம் இருந்தது. கடைக்காரர் என்ன கேட்கிறார், வாடிக்கைக்காரர் எதைத் திருப்பிக் கொடுக்கிறார் என்பது முதலாளிக்கு நேராகத் தெரிந்தது. பின்னாளில் பல்லாயிரம் பேருக்கு வேலை கொடுத்தபோதும் இந்தப் பாடம் அவருக்கு உதவியது.

1949-ம் ஆண்டுக்குள் ரப்பர் பொம்மை, கையுறை முதலிய சாமான்களும் அந்தக் கொட்டகையில் தயாராயின. சென்னை தம்புச் செட்டித் தெருவில் கம்பெனிக்கு ஓர் ஆபீசும் வந்தது. இனி கவலை இல்லை என்று உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அவர் கண் வேறொன்றில் விழுந்தது.

தேய்ந்த டயர் காட்டிய வழி

அவருடைய உறவினர் ஒருவர் டயர் ரீட்ரெடிங் பட்டறை நடத்தி வந்தார். ரீட்ரெடிங் என்றால் என்ன? லாரி டயர் ஓடி ஓடி, தரையில் படும் பகுதி தேய்ந்துபோகும். பட்டன் எல்லாம் மறைந்து மொட்டை ஆகிவிடும். ஆனால் உள்ளே இருக்கும் உடம்பு நன்றாகவே இருக்கும். தேய்ந்த மேல்பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு, புது ரப்பர் பட்டையை ஒட்டி, சூட்டில் வேகவைத்தால் டயர் மறுபடி ஓடும். செருப்புக்கு அடித்தோல் மாற்றுவது போலத்தான் இது.

ஒட்டப்படும் அந்தப் பட்டைக்கு டிரெட் ரப்பர் என்று பெயர். உறவினரின் பட்டறைக்கு அதை ஒரு வெளிநாட்டுக் கம்பெனி கொடுத்து வந்தது. ரப்பர் மரம் நம் நாட்டில் இருக்கிறது. தேய்கிற டயரும் நம் சாலையில்தான் தேய்கிறது. அதற்குப் பட்டை மட்டும் ஏன் அந்நியக் கம்பெனியிடம் வாங்க வேண்டும்? மாம்மன் மாப்பிள்ளை யோசித்தார்.

1952-ம் ஆண்டில் அவர் துணிந்தார். பலூனில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை எல்லாம் டிரெட் ரப்பரில் போட்டார். இது சாதாரணத் துணிச்சல் அல்ல. ஒருமுறை எல்லாவற்றையும் இழந்த குடும்பம் அது. இந்த முறையும் போனால் எழுந்திருக்க முடியாது. எதிரே நின்றவர்களோ உலகம் முழுவதும் வியாபாரம் செய்யும் வெளிநாட்டு முதலாளிகள்.

சரக்கு நன்றாக இருந்தது. பட்டறைக்காரர்கள் தேடி வாங்கினார்கள். 4 ஆண்டுகள் ஓடின. 1956-ம் ஆண்டு முடியும்போது இந்திய டிரெட் ரப்பர் வியாபாரத்தில் சரிபாதி அவர் கைக்கு வந்துவிட்டது. வெளிநாட்டுக் கம்பெனிகள் அந்தத் தொழிலை விட்டே விலகின.

சொந்த டயர்

பட்டை செய்பவன் முழு டயரையும் செய்தால் என்ன? இது அடுத்த கேள்வி. அப்போது இந்திய டயர் வியாபாரத்தில் டன்லப், பயர்ஸ்டோன், குட்இயர் போன்ற வெளிநாட்டுப் பெயர்களே கொடிகட்டிப் பறந்தன. சென்னைக்குப் பக்கத்தில் அம்பத்தூரிலேயே டன்லப் தொழிற்சாலை 1959-ல் வந்துவிட்டது.

1960-ம் ஆண்டில் மாம்மன் மாப்பிள்ளை தமது தொழிலை லிமிடெட் கம்பெனியாக மாற்றினார். அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் இருந்த மான்ஸ்பீல்டு டயர் கம்பெனியுடன் தொழில்நுட்ப ஒப்பந்தம் செய்துகொண்டார். 1961-ல் திருவொற்றியூரில் டயர் தயாராகத் தொடங்கியது.

டயர் செய்வது பலூன் செய்வது போல அல்ல. ரப்பருடன் கரித்தூளும் கந்தகமும் வேறு பல மருந்துகளும் கலக்க வேண்டும். நூல் துணிக்கு ரப்பர் பூச வேண்டும். சக்கரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி வளையம் வைக்க வேண்டும். இவற்றை அடுக்கடுக்காகச் சுற்றி, அச்சில் வைத்து, நீராவிச் சூட்டில் அழுத்த வேண்டும். அப்போதுதான் டயருக்குப் பட்டனும் வரும், உரமும் வரும்.

ஆரம்பத்தில் சோதனை வந்தது. அமெரிக்கச் சாலைக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட முறை இந்தியச் சாலைக்குப் பொருந்தவில்லை. இங்கே வெயில் அதிகம். பள்ளம் அதிகம். லாரியில் ஏற்றும் பாரமோ கணக்கே இல்லை. ஆகவே நம் சாலைக்கு ஏற்ற டயரை நாமே ஆராய்ந்து கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. திருவொற்றியூரில் ரப்பர் ஆராய்ச்சிக் கூடம் அமைந்தது. பிற்காலத்தில் நடந்த வேடிக்கை என்னவென்றால், வழிகாட்டிய மான்ஸ்பீல்டு கம்பெனியின் தொழிற்சாலை 1970-களின் இறுதியில் மூடப்பட்டுவிட்டது. கற்றுக்கொண்ட சென்னைக் கம்பெனியோ வளர்ந்துகொண்டே போனது.

டயர் கடைக்கு வரும் கதை

டயரைச் செய்துவிட்டால் போதாது. விற்க வேண்டும். டயர் சந்தைக்குப் போக இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, வண்டி செய்யும் தொழிற்சாலை. புது பஸ், புது கார், புது ஸ்கூட்டர் எல்லாம் டயரோடுதான் வெளியே வரும். அதற்காக மோட்டார் கம்பெனிகள் மொத்தமாக வாங்கும். இரண்டாவது வழி, கடை. பழைய டயர் தேய்ந்தபின் வண்டிக்காரர் கடைக்கு வந்து வாங்குவார். தொழிற்சாலையில் இருந்து டயர் முதலில் கம்பெனியின் கிடங்குக்குப் போகும். அங்கிருந்து ஊர் ஊராக உள்ள டீலர்களுக்குப் போகும். டீலரிடம் இருந்து லாரி முதலாளிக்குப் போகும்.

புது வண்டிக்கு ஒருமுறைதான் டயர். பிறகு அந்த வண்டி ஓடும் காலம் எல்லாம் கடை டயர்தான். எனவே கடைக்கு வருகிறவர் மனதில் இடம் பிடிப்பதே பெரிய காரியம்.

அப்படி யார் மனதில் இடம் பிடிக்க வேண்டும்? விளம்பர நிபுணர் அலிக் பதம்சி அதைக் கண்டறிய லாரி டிரைவர்களிடமே விசாரிக்கச் செய்தார். டயர் பலசாலியாக இருக்க வேண்டும் என்பதுதான் டிரைவர்களின் விருப்பம் என்று தெரிந்தது. அந்நாளில் எழுதப் படிக்கத் தெரியாத டிரைவர்கள் ஏராளம். அவர்களுக்கு எழுத்து பேசாது, படம் பேசும். 1964-ம் ஆண்டில் ஒரு படம் பிறந்தது. தலைக்கு மேல் டயரைத் தூக்கி நிற்கும் ஒரு பயில்வான்! டயர்க் கடைப் பலகைகளிலும் நெடுஞ்சாலைகளிலும் அந்தப் பயில்வான் நின்றார். ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாதவரும் அவரைப் பார்த்துக் கடையை அடையாளம் கண்டுகொண்டார்.

1967-ம் ஆண்டில் இந்த டயர் அமெரிக்காவுக்கே ஏற்றுமதியாயிற்று. அந்த நாட்டுக்கு டயர் அனுப்பிய முதல் இந்தியக் கம்பெனி இதுதான். 1970-களில் கோட்டயம், கோவா, அரக்கோணம் ஆகிய ஊர்களில் தொழிற்சாலைகள் எழுந்தன. அரக்கோணம் தொழிற்சாலை இச்சிப்புத்தூரில் இருக்கிறது. ரத்தின சபை என்று புகழ்பெற்ற திருவாலங்காட்டுக்கு அது தூரம் இல்லை. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்ததாகச் சொல்லப்படும் அந்தப் பழைய சிவத்தலத்தின் பக்கத்து வட்டாரத்தில் மோட்டார் யுகமும் வந்து சேர்ந்தது.

புகழும் முடிவும்

மாம்மன் மாப்பிள்ளையின் காலத்திலேயே அவருடைய கம்பெனி இந்தியாவின் மிகப்பெரிய டயர் கம்பெனி ஆயிற்று. விளையாட்டிலும் அதன் பெயர் வந்தது. வேகப்பந்து வீச்சாளர்களை உருவாக்க 1987-ம் ஆண்டில் சென்னையில் ஒரு பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. ஆஸ்திரேலிய வீரர் டென்னிஸ் லில்லி வந்து பயிற்சி கொடுத்தார். அங்கே வேகப்பந்து கற்க வந்த ஒரு சிறுவனுக்கு, பேட்டிங்கில் கவனம் செலுத்தும்படி யோசனை சொல்லப்பட்டது. அந்தச் சிறுவன் சச்சின் டெண்டுல்கர்!

1992-ம் ஆண்டில் மாம்மன் மாப்பிள்ளைக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ பட்டம் வழங்கியது. 2003-ம் ஆண்டு மார்ச் மாதம் தமது 80-வது வயதில் அவர் சென்னையில் காலமானார். பையோடு கடை கடையாக ஏறிய அதே ஊரில் அவர் வாழ்வு முடிந்தது.

டயருக்கும் முதுமை உண்டு

மனிதனைப் போல டயருக்கும் பிறப்பு உண்டு, முதுமை உண்டு. பிறந்த தேதி டயரின் பக்கவாட்டிலேயே நான்கு எண்களாகப் பொறிக்கப்பட்டிருக்கும். 2324 என்று இருந்தால், 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். புது டயர் வாங்கும்போது இந்த எண்ணைப் பார்ப்பது நல்லது. கார் டயரில் பட்டனின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் மாற்றிவிட வேண்டும். மழையில் மொட்டை டயர் வழுக்கும், உயிருக்கே ஆபத்து.

லாரி டயர் தேய்ந்தால் அதன் வாழ்வு முடிந்துவிடாது. முதலில் ரீட்ரெடிங் பட்டறைக்குப் போகும். நல்ல டயராக இருந்தால் இரண்டு மூன்று தடவைகூட பட்டை போடலாம். அதன்பிறகும் தமிழர் வீடுகளில் அதற்கு வேலை இருந்தது. மாட்டு வண்டிக்கு மரச்சக்கரம் போய் டயர் சக்கரம் வந்தது. டயரை அறுத்துச் செருப்பு தைத்தார்கள். படகும் கப்பலும் துறைமுகச் சுவரில் மோதாமல் இருக்க டயரைத் தொங்கவிட்டார்கள். கிராமத்துச் சிறுவர்கள் குச்சியால் தட்டி டயர் ஓட்டினார்கள்.

எல்லா உபயோகமும் தீர்ந்தபின் காயலான் கடை. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

பழைய இரும்பை உருக்கினால் புது இரும்பு. பழைய கண்ணாடியை உருக்கினால் புதுக் கண்ணாடி. டயரை உருக்க முடியாது! ஏன்?

1839-ம் ஆண்டில் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் என்பவர் ரப்பரில் கந்தகம் கலந்து சூடேற்றினால் அது உறுதியாகிறது என்று கண்டுபிடித்தார். அதற்கு முன்பு ரப்பர் வெயிலில் உருகிப் பிசுபிசுக்கும். குளிரில் விறைத்து வெடிக்கும். கந்தகம் ரப்பரின் இழைகளை ஒன்றோடு ஒன்று இறுகப் பின்னிவிடுகிறது. அதனால்தான் டயர் வெயிலையும் மழையையும் தாங்குகிறது. அதே காரணத்தால்தான் அது மறுபடி உருகுவதும் இல்லை. சுட்ட செங்கல் மறுபடியும் களிமண் ஆகுமா? அது போலத்தான் இதுவும். எந்த உறுதிக்காக டயரை விலை கொடுத்து வாங்குகிறோமோ, அந்த உறுதியே கடைசியில் தொல்லை ஆகிறது.

உலையில் வேகும் டயர்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில் இருக்கிறது கும்மிடிப்பூண்டி. தொழிற்பேட்டை நிறைந்த ஊர். அந்த வட்டாரத்தில் பழைய டயரை உலையில் வேகவைக்கும் ஆலைகள் உண்டு. டயரை இரும்புக் கொப்பரையில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, வெளியில் இருந்து சூடேற்றுவார்கள். காற்று இல்லாததால் டயர் தீப்பற்றாது, உள்ளேயே பிரிந்துபோகும். ஆவி குளிர்ந்து எண்ணெய் கிடைக்கும். அடியில் கரித்தூள் தங்கும். இரும்புக் கம்பி தனியே மிஞ்சும். எண்ணெயைச் சில தொழிற்சாலைகள் எரிபொருளாக வாங்குகின்றன.

ஒழுங்காக நடத்தினால் குப்பை பணமாகும். ஒழுங்கு தவறினால் கரித்தூள் பறக்கும், நெடி சூழும், உள்ளே வேலை செய்பவர் சுவாசம் கெடும். இதனால்தான் இத்தகைய ஆலைகளுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியும் கண்காணிப்பும் தேவைப்படுகின்றன.

வேறு வழிகளும் உண்டு. டயரைப் பொடியாக அரைத்துத் தாருடன் கலந்து சாலை போடலாம். டயராகத் தேய்ந்த ரப்பர், சாலையாக மாறி மற்ற டயர்களைச் சுமக்கும்! ரப்பரைப் பக்குவம் செய்து விரிப்பு, மிதியடி முதலியவையும் செய்யலாம்.

2022-ம் ஆண்டு ஜூலை மாதம் மத்திய அரசு ஒரு புது விதி கொண்டுவந்தது. டயரை விற்றதோடு கம்பெனியின் கடமை தீர்ந்துவிடாது என்று அது கூறுகிறது. 2020-21-ம் ஆண்டில் செய்த டயரில் 35 சதவீத அளவுக்கு 2022-23-ல் கழிவு டயரை மறுசுழற்சி செய்வித்துக் கணக்குக் காட்ட வேண்டும். அடுத்த ஆண்டு அது 70 சதவீதம். அதற்கடுத்த ஆண்டில் இருந்து 100 சதவீதம். எண்ணெய் எடுப்பதற்காக வெளிநாட்டில் இருந்து கழிவு டயரை இறக்குமதி செய்வதும் தடை செய்யப்பட்டது.

வீட்டாரும் செய்ய வேண்டியது உண்டு. கொல்லையில் கிடக்கும் பழைய டயரில் மழைநீர் தேங்கினால் டெங்கு கொசு முட்டையிடும். போகிப் பண்டிகையில் டயர் கொளுத்தினால் கரும்புகை ஊரையே மூடும். அந்தப் புகைமூட்டத்தில் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தடைப்பட்ட ஆண்டுகளும் உண்டு. கைக்குழந்தையும் வயோதிகரும் சுவாசிப்பது அதே புகையைத்தான். புது டயர் மாற்றும்போதே பழைய டயரைக் கடையில் ஒப்படைத்துவிடுவதே சுலபமான வழி.

முதல் படி எது?

மாம்மன் மாப்பிள்ளையின் வாழ்வில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் பலூனில் இருந்து நேராக டயருக்குத் தாவவில்லை. நடுவில் ஒரு படி இருந்தது. மற்றவர்கள் தேய்ந்துபோனது என்று ஒதுக்கிய டயரில் இன்னும் உயிர் இருக்கிறது என்று நம்பினார். அந்த உயிருக்கு ஒரு பட்டை செய்து கொடுத்தார். அங்கிருந்துதான் அவருடைய பெருவாழ்வு தொடங்கியது.

1938-ல் அந்தக் குடும்பத்தையும் உலகம் தேய்ந்துபோனது என்றுதான் நினைத்தது. உள்ளே உடம்பு உரமாக இருந்தது. மேல்பட்டை மட்டும்தான் போயிருந்தது. உழைப்பு என்னும் புதுப்பட்டையை ஒட்டிக்கொண்டு அது மறுபடி ஓடத் தொடங்கியது.

இன்று நாட்டில் கோடிக்கணக்கான டயர்கள் ஓடுகின்றன. அவை எல்லாம் ஒரு நாள் தேயும். தேய்ந்ததைத் தெருவில் எறியலாம், கொளுத்தலாம். அல்லது அதில் மிச்சம் என்ன இருக்கிறது என்று யோசிக்கலாம். யோசித்த ஒருவர் பெரிய தொழிலையே எழுப்பிக் காட்டினார்.